மெக்கானிக்கல் படிக்கும் மகளுக்கு எஸ்ஏபி பயிற்சி இப்போது தேவையா?

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கும் உங்கள் மகள் ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குப் போக விரும்புகிறார். உறவினரோ, இரும்போடு மல்லுக்கட்டுவதைவிடப் பெங்களூரில் எஸ்ஏபி என்னும் நிறுவனக் கணக்கு மென்பொருளைப் படித்துக் கணினி வேலைக்குப் போவதே மேல் என்று சொல்லி, லட்ச ரூபாய்க்கு மேல் கட்டணமுள்ள பயிற்சி ஒன்றைக் காட்டியிருக்கிறார். உங்கள் மகளின் விருப்பமே சரியானது என்பது என் கருத்து. தொழிற்சாலையும் கணினிக் கணக்கும் சந்திக்கும் இடத்தில் வேலை தெரிந்தவர் கிடைப்பது அரிது. அந்த இடத்துக்கு உற்பத்தித் தளத்தின் வழியாக வருகிறவரே நிலைத்து நிற்கிறார். எனவே அந்தக் கட்டணத்தை இப்போது கட்ட வேண்டாம்.

அந்த இடம் எது என்று சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளரின் ஆர்டர், கொள்முதல், ஸ்டோர்ஸ் இருப்பு, அடக்கவிலை, பில் ஆகியவற்றை ஒரே கணக்கில் வைத்திருக்கும் மென்பொருளை ஈஆர்பி என்கிறார்கள். உறவினர் சொல்லும் எஸ்ஏபி அவ்வகையில் பெயர்பெற்ற ஜெர்மானிய நிறுவனத்தின் தயாரிப்பு. மறுபுறம் இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி, அவற்றைத் திரையில் கண்காணிக்கும் ஸ்காடா ஆகியவை நொடிக்கு நொடி வேலை செய்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே, எந்த ஆர்டர் எந்த லைனில் ஓடுகிறது, எத்தனை தேறின, எத்தனை கழிந்தன என்பதைப் பதிவு செய்யும் அடுக்குக்கு எம்இஎஸ் என்று பெயர். இந்த அடுக்குகளை வரையறுக்கும் ஐஎஸ்ஏ-95 என்னும் தரநிலையின் முதல் பகுதி 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆனால், சிறிய தொழிற்கூடங்கள் பலவற்றில் அந்த நடு அடுக்கின் வேலையை இன்றும் சூப்பர்வைசரின் நோட்டுப் புத்தகமே செய்கிறது.

அதனால் வரும் சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். வாகன உதிரிபாகம் செய்யும் கூடம் ஒன்றில், இரவு ஷிஃப்டில் டூல் உடைந்து 40 உருப்படிகள் ரிஜெக்ட் ஆகின்றன. அவற்றை ஈடுகட்ட ஆபரேட்டர் ஸ்டோர்ஸிலிருந்து மேலும் 40 வார்ப்புகளை எடுத்து வேலையை முடித்துவிடுகிறார். ரிஜெக்‌ஷனை யாரும் ஈஆர்பியில் ஏற்றுவதில்லை. தேறிய உருப்படிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து மூலப்பொருளைக் கழித்துக்கொள்ளும் மென்பொருள், ஸ்டோர்ஸில் இல்லாத 40 வார்ப்புகள் இன்னும் இருப்பதாகவே காட்டுகிறது. அதை நம்பிக் கொள்முதல் பிரிவு ஆர்டர் போடாமல் இருக்க, அடுத்த வாரம் லைன் நிற்கிறது; அடக்கவிலையும் உண்மையைவிடக் குறைவாகத் தெரிகிறது. இதில் இயந்திரத்தின் மீதும் பிழையில்லை, மென்பொருளின் மீதும் பிழையில்லை. எந்தத் தகவலை, எந்தக் கணத்தில், யார் பதிய வேண்டும் என்று வகுத்துத் தரும் ஆள் அங்கே இல்லை. உங்கள் மகள் அந்த ஆளாக வேண்டும் என்பதையே நான் சொல்கிறேன்.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான இடம் மாங்கூழ் ஆலை. நீங்கள் ஏற்றி அனுப்பும் பெங்களூரா ரக மாங்காய் எடைமேடையில் ஒரு சீட்டைப் பெறுகிறது. பழுக்கவைத்து, கழுவி, கூழாக்கி, பிரிக்ஸ் என்னும் இனிப்பு அளவு பார்த்து, கிருமிநீக்கிய பையில் நிரப்பி டிரம்மில் அடைக்கும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பதிவு உண்டு. ஏற்றுமதியான கூழில் குறை இருப்பதாக வெளிநாட்டிலிருந்து தகவல் வந்தால், அந்த டிரம் எண்ணிலிருந்து பின்னோக்கிப் போய், எந்த நாளில், எந்த லாரியில் வந்த பழம் என்று சொல்ல முடிய வேண்டும். சீட்டும் பேட்ச் எண்ணும் ஓரிடத்தில் அறுந்தாலும், ஒரு டிரம்மில் முடிய வேண்டிய நட்டம் அன்றைய உற்பத்தி முழுவதற்கும் பரவும். ஆலை உரிமையாளர் தெரிந்தவராக இருந்தால், பருவத்தில் பத்து நாட்கள் அங்கே நின்று இந்தச் சங்கிலியைத் தாளில் வரைந்து வரும்படி மகளிடம் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் அந்தத் தாளைப் பற்றி அவரால் அரைமணி நேரம் பேச முடியும். சான்றிதழைப் பற்றி யாரும் அவ்வளவு நேரம் கேட்பதில்லை.

கணக்கில் அவர் முதலில் பழக வேண்டியது, இயந்திரம் எவ்வளவு பயனுள்ளதாக ஓடியது என்று காட்டும் ஓஈஈ. 480 நிமிட ஷிஃப்டில் இயந்திரம் 60 நிமிடம் நின்றுபோனால் ஓடிய நேரம் 420 நிமிடம், அதாவது 87.5 சதவீதம். நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டிய இடத்தில் 378 வந்தால் வேகம் 90 சதவீதம். அவற்றில் 370 தேறினால் தரம் ஏறத்தாழ 98 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 77 சதவீதம். நின்ற நேரத்துக்கான காரணத்தை நேர்மையாகப் பதியாவிட்டால் இந்த எண்ணுக்குப் பொருளே இல்லை என்பது ஷாப் ஃப்ளோரில் நின்றவருக்குத்தான் தெரியும். இதனுடன் எக்செல், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் இரண்டையும் கற்கட்டும். ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற திறமூல மென்பொருளைக் கட்டணமின்றி நிறுவி, ஒரு பொருளுக்கான மூலப்பொருள் பட்டியல் (பில் ஆஃப் மெட்டீரியல்), உற்பத்தி ஆணை (ஒர்க் ஆர்டர்) போன்றவற்றைத் தானே உருவாக்கிப் பார்க்கலாம். பிஎல்சி பழகக் கோடெசிஸ் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

படிப்பு முடிந்ததும் 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் பட்டதாரிப் பயிற்சியாளராகச் சேர முயலட்டும். ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா எனப் பெரிய பெயர்கள் உண்டு. ஆனால் நடுத்தர உதிரிபாக நிறுவனத்தைத் தாழ்வாக நினைக்க வேண்டாம், அங்கே ஒரே ஆள் திட்டமிடல், ஸ்டோர்ஸ், தரம் மூன்றையும் தொட வாய்ப்பு அதிகம். சேருமுன் ஷிஃப்ட் நேரம், கம்பெனி பஸ், விடுதி ஆகியவற்றை நீங்களே நேரில் போய் விசாரிப்பது முறைதான்; அதை மகள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து எஸ்ஏபி படிக்க நேர்ந்தால், உற்பத்தித் திட்டமிடலுக்கான பிபி பிரிவையோ தரத்துக்கான கியூஎம் பிரிவையோ தேர்ந்தெடுக்கலாம். அப்போது நிறுவனமே செலவை ஏற்கவும் கூடும். பெங்களூர் பயிற்சி நிலையத்துக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், மீதியைக் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: தொழிற்சாலை அனுபவம் இல்லாமல் அங்கே படித்தவர்களில் வேலையில் இருக்கும் நான்கு பேரிடம் நீங்கள் நேரடியாகப் பேச முடியுமா? அவர்கள் தயங்கினால் முன்பணத்தோடு நின்றுவிடுங்கள்.