கிளிநொச்சியின் சனத்தொகையைக் கணிக்க, குடியேற வந்த ஆண்டு எதற்கு?

பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வைக் கூட்டிக் கழித்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தலைக்கணக்கு மட்டும் என்றால் போதும். ஆனால் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தவரின் பேரனும், 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்தவரின் மகனும் ஒரே வயதாக இருக்கலாம். காணி, படிப்பு, ஊரைவிட்டுப் போகும் வாய்ப்பு ஒன்றாக இருக்காது.

கலிபோர்னியாவின் சனத்தொகைக்கு 2005இல் வெளியான ஒரு கணிப்பு இப்படித்தான் பிரித்தது. வெளிநாட்டில் பிறந்தவர் முதல் தலைமுறை, அவருக்கு அங்கேயே பிறந்த பிள்ளை இரண்டாவது, அப்புறம் மற்றவர்கள். முதல் தலைமுறையை வந்த காலப்படியும் பிரித்தார்கள். கணிப்பு ஐந்தாண்டு முன்னே நகர்ந்தால் வயதோடு வசித்த காலமும் ஐந்து கூடும். பிறக்கும் குழந்தை அடுத்த தலைமுறைக்குப் போகும்.

வன்னியில் இதைச் செய்ய ஒரு தொல்லை உண்டு, அதுவும் பெரிய தொல்லை: 2009 போரின் இடப்பெயர்வு. முகாமிலிருந்து மீண்டவரைப் புதிதாக வந்தவர் என்று பதிந்தால் முழுக் கணக்கும் பிழைத்துவிடும். அவருக்கு முதலில் குடியேறிய ஆண்டையே எடுங்கள்.