"போறவங்க போகட்டும், நீ வேணாம்"னு சொன்னது தப்பா?

கேள்வி: என் பையன் ப்ளஸ் டூ படிக்கிறான். ஜூலை 26, கார்கில் வெற்றி நாள் அன்னிக்கு ஸ்கூல்ல பாகிஸ்தானோட நடந்த 1999 கார்கில் போர் பத்திப் பேசிட்டு வந்ததுல இருந்து, ராணுவ ஆபீசர் ஆகுறதுக்கான என்டிஏ பரீட்சை எழுதணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். "போறவங்க போகட்டும், நீ வேணாம்"னு சொல்லிட்டேன். "அப்போ செத்துப்போன 527 பேருக்கும் அம்மா இல்லையா"னு கேட்டான், அதோட பேச்சை நிறுத்திட்டான். நான் சுயநலமா யோசிக்கிறேனா? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, நீங்க வாய்விட்டுச் சொல்லிட்டீங்க, மத்தவங்க சொல்லாம இருக்கோம், அவ்ளோதான். ஜூலை 26 காலைல ஸ்டேட்டஸ் வைக்கிற நம்மள்ல எத்தனை பேர் நம்ம வீட்டுப் புள்ளைய அனுப்புவோம்? அதனால சுயநலம்னு உங்களை மட்டும் திட்டிக்காதீங்க.

ஆனா பையன் கேட்டதுலயும் நியாயம் இருக்குங்க. கார்கில்ல செத்த ஆபீசருங்க வயசைக் கொஞ்சம் பாருங்க, விக்ரம் பத்ராவுக்கு 24, மனோஜ் குமார் பாண்டேவுக்கும் 24, ரோந்து போய் பிடிபட்டு செத்த சௌரப் காலியாவுக்கு 22 தான், இன்னிக்கு அந்த வயசுல நம்ம வீட்டுப் பசங்க அரியர் எழுதிட்டு இருக்கானுங்க. எதிரி மலை உச்சில பங்கர் போட்டு உக்காந்திருக்கான், இவங்க கீழ இருந்து பதினாறாயிரம் அடிக்கு மேல மூச்சு வாங்க ராத்திரியில ஏறணும், முன்னாடி போறது சின்ன வயசு ஆபீசருங்க, அதான் அவங்கள்ல அத்தனை பேர் போனாங்க. அதே போர்ல டைகர் ஹில்ங்கிற மலையில ஏறின யோகேந்திர சிங் யாதவுக்கு 19 வயசு, உடம்பு பூரா குண்டு, செத்துட்டார்னே நினைச்சு நாட்டோட பெரிய வீர விருதான பரம்வீர் சக்ரா அறிவிச்சாங்க, அப்புறம் பாத்தா ஆஸ்பத்திரில உயிரோட இருக்கார்!

நம்ம திருச்சி மேஜர் சரவணன், பீகார் ரெஜிமெண்ட், 1999 மே 29 கார்கில் பக்கம் படாலிக்ல நடந்த சண்டையில செத்தார், வீர் சக்ரா விருது குடுத்தாங்க. அவர் உடம்பை எடுக்கப் போனவங்க மேலயும் சுட்டாங்க, ஒரு மாசத்துக்கு மேல பனியிலயே கிடந்துச்சு. வீட்ல இருந்தவங்களுக்கு அந்த ஒரு மாசம் எப்படிப் போயிருக்கும்னு மேடையில யாரும் பேசுறதில்ல. "தியாகம்"னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறோம். அந்தப் பசங்க சாகணும்னு போகலைங்க, லீவுல வீட்டுக்கு வரணும்னுதான் இருந்திருப்பாங்க. எனக்கு இந்த மாலை மரியாதை பேச்சு மேலயே கொஞ்சம் கோவம் உண்டு, விடுங்க.

உங்க விஷயத்துக்கு வரேன். என்டிஏன்னா நாளைக்கே பார்டர் இல்ல. யுபிஎஸ்சி எழுத்துத் தேர்வு, அது தாண்டினா ஆபீசர் ஆகுற ஆளானு பாக்குற அஞ்சு நாள் எஸ்எஸ்பி இன்டர்வியூ, அப்புறம் மெடிக்கல். எல்லாம் பாஸானா புனே பக்கத்துல கடக்வாஸ்லால இருக்குற என்டிஏ அகாடமில மூணு வருஷம், ஆர்மின்னா டேராடூன்ல இன்னும் ஒரு வருஷம் ட்ரெயினிங். எஸ்எஸ்பில நிறைய பேரைத் திருப்பி அனுப்பிடுவாங்க, வெறும் ஆவேசமா இல்லையான்னு அங்கயே பாதி தெரிஞ்சுடும். வயசு பதினாறரைல இருந்து பத்தொன்பதரை வரைக்கும்தான், அதனால "டிகிரி முடிச்சுட்டு என்டிஏ பாக்கலாம்"னு மட்டும் ஏமாத்தாதீங்க, டிகிரிக்கு அப்புறம் சிடிஎஸ்னு வேற பரீட்சை இருக்கு, அதை நேராவே சொல்லுங்க.

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையா பட்டாளத்துக்குப் போற ஊர்லயே அம்மாக்களுக்குப் பயம் இல்லாம இல்ல, பயத்தோடதான் அனுப்புறாங்க. உங்க தெருவுலயும் ரிட்டயர்டான பட்டாளத்துக்காரர் யாராவது இருப்பார், பையனைக் கூட்டிட்டு அவர் வீட்டுக்குப் போங்க. முக்கியமா அவர் வீட்டம்மாகிட்ட நீங்க பேசுங்க, மெடல் பத்திக் கேக்காதீங்க, லெட்டர் வராத நாள்ல என்ன பண்ணீங்கனு கேளுங்க.

அதுக்கு முன்னாடி இன்னிக்கு ராத்திரி சோறு போடும்போது, "நான் அப்படிச் சொன்னது தப்புடா, ஆனா எனக்குப் பயமா இருக்கு"னு ரெண்டையும் சேத்தே சொல்லிடுங்க. அப்ளிகேஷனைப் போடட்டும்.