தாழையும் வெளிமானும்

அன்புள்ள ஐயா,
கோடியக்கரை வெளிமானையும் எங்கள் கடலில் வளரும் கடற்புல்லான தாழையையும் அருகருகே வைத்து எழுதியிருந்தீர்கள். துள்ளி ஓடும் மானுக்கும் கரையில் ஒதுங்கி நாறும் புல்லுக்கும் என்ன ஒப்புமை? மிகைப்படுத்திவிட்டீர்கள் என்றே தோன்றுகிறது.
- தொண்டி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,
மிகை இல்லை. தாழை, கடலடியில் பூக்கும் செடி. பாசிக்கு இல்லாத வேரும் பூவும் விதையும் அதற்கு உண்டு. மன்னார் வளைகுடாவில் நீண்ட பட்டை இலையோடு வளரும் ஓர் இனத்தில், ஆண் பூக்கள் காம்பறுந்து மேலே மிதந்து வந்து, நீர்ப்பரப்பை எட்டி நிற்கும் பெண் பூவைச் சேர்கின்றன. இதை அறிந்த பிறகு அதை வெறும் புல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

வெளிமானுக்குத் திறந்தவெளிதான் வாழ்வு. புல் மேயும், தூரத்திலேயே ஆபத்தைக் கண்டு ஓடிப் பிழைக்கும். கோடியக்கரைப் புல்வெளியில் சீமைக்கருவேலம் புகுந்ததும் அதன் மேய்ச்சல் சுருங்கியது. அந்த மரம் மண்ணை எப்படிப் பிடிக்கும் என்று இராமநாதபுரத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாழைக்கு வெயில்தான் உயிர். விசைப்படகு கடலடியில் இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை கிளப்பும் சேறு வெயிலை மறைத்தால் வாடும். மடியே மேலே ஓடினால் வேரோடு போகும். மானாவது ஓடலாம், தாழையால் அதுவும் முடியாது.

கரையில் ஒதுங்கிய குவியலில் ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். இலை மட்டும் என்றால் கவலை வேண்டாம். பழுத்ததை அலை கழித்துப் போட்டிருக்கிறது. காற்று அடங்கிய நாளில், கணுக்கணுவான வெளிறிய தண்டும் மெல்லிய வேர்களும் சேர்ந்து வந்திருந்தால், அடியில் மடி கிழித்திருக்கிறதா என்று விசாரியுங்கள். ஓரா மீன் மேய்வதும், நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் ஒளிந்து வளர்வதும் அந்தத் தாழைப் பரப்பில்தான். கடல்பசுவுக்கு முதல் தீனியும் அதுவே.

வெளிமானை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. தாழைக்கு இன்று கைகொடுக்கக்கூடியது 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையை ஒட்டிய கடலில், குறித்த தொலைவுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்கிறது அது. தாழை அடர்ந்து வளர்வது பெரும்பாலும் அந்த ஆழமில்லாத நீரில்தான். உங்கள் ஊர்க் கூட்டத்தில் இந்த ஒரு விதியை விடாமல் கேளுங்கள்.