பனிச்சரிவு வருமா என்பதை மலையில் நின்றுகொண்டே எப்படிக் கணிக்கிறார்கள்?

கருவிகளைவிடக் கண்ணும் காதும்தான் முதலில். பக்கத்தில் புதிதாகப் பனி சரிந்த தடம் தெரிந்தால், அதே உயரத்தில் அதே திசை பார்த்த சரிவுகள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. இதைவிடத் தெளிவான தடயம் கிடையாது. காலடியில் 'உம்ப்' என்று பனி அமுங்கும் சத்தம், காலடியிலிருந்து ஓடும் விரிசல் இரண்டும் அடியில் பலவீனமான அடுக்கு உடைவதன் அறிகுறிகள்.

அமெரிக்காவின் கொலராடோ இப்படிப்பட்ட பலவீனமான அடுக்குக்குப் பேர்போனது. குளிர்காலத் தொடக்கத்தில் அங்கே மெல்லிசாகத்தான் பனி படியும். தரைப்பக்கம் சற்றே வெதுவெதுப்பு, மேலே கடுங்குளிர். இடையே நீராவி மேலேறி, பனி சர்க்கரை மாதிரி உதிரிப் படிகங்களாகிவிடும். அதன்மேல் கனத்த பனி விழுந்தால்? சாய்ந்த மேசையில் ரவையைக் கொட்டி, மேலே பலகையை வைத்த கதைதான்.

அப்புறம் அடுக்குகளைச் சோதிக்கப் பனியில் குழி தோண்டுவார்கள். 30 செ.மீ. சதுரத் தூணாகப் பனியை வெட்டி, மேலே மண்வாரியை வைத்து மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டு. சில தட்டிலேயே தூணின் மேல்பகுதி வழுக்கி வந்தால் திரும்பிவிடலாம். வராவிட்டால் பாதுகாப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள். பத்தடி தள்ளி அடுக்கு வேறு மாதிரி இருக்கும். சந்தேகமா? 30 டிகிரிக்குக் குறைந்த சரிவிலேயே, மேலே செங்குத்துச் சரிவு இல்லாத இடமாகப் பார்த்து நடங்கள்.