ஜெர்மனில யுனிவர்சிட்டி படிப்பு ஃப்ரீயாமே, அப்படி எல்லாருக்கும் குடுக்கறது சரியா?

ஃப்ரீன்னா அரசு யுனிவர்சிட்டில டியூஷன் ஃபீஸ் கிடையாது, அவ்ளோதான். ப்ரொஃபசர் சம்பளம், லேப் செலவெல்லாம் வரிப்பணத்துலதான் ஓடுது. ஏன்னா படிச்சவங்க நாளைக்கு சம்பாதிச்சு வரி கட்டுவாங்க, அவங்க டாக்டராவோ டீச்சராவோ ஆனா படிக்காதவங்களுக்கும் பலன் போகும்ங்கறது கணக்கு. தெருவிளக்கு மாதிரின்னு வெச்சுக்கோங்க, நடந்து போறவங்ககிட்ட யாரும் காசு கேக்கறதில்ல. ஆனா விளக்கு எல்லாருக்கும் எரியும், காலேஜுக்கு வசதியான வீட்டுப் பசங்கதான் அதிகம் போறாங்க, கூலிக்காரர் வரியும் அதுல சேருதேன்னு கேட்டா நியாயம்தான், இருந்தாலும் என் ஓட்டு ஃப்ரீக்குத்தான். அங்கயே 2006-லேர்ந்து சில மாநிலங்கள்ல செமஸ்டருக்கு 500 யூரோ வரைக்கும் வாங்கிப் பாத்தாங்க, எதிர்ப்பு தாங்காம 2014-க்குள்ள எல்லா மாநிலமும் விட்டுடுச்சு.

அப்புறம், ஃப்ரீன்னா கையில காசே வேணாம்னு நெனச்சுடாதீங்க, வாடகை சாப்பாடு நம்ம பொறுப்பு, பாடன்-வூர்ட்டம்பெர்க்ங்கற ஜெர்மன் மாநிலத்துல 2017-லேர்ந்து ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வர்ற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ ஃபீஸே இருக்கு.