ட்ரவுட் குவின்டெட்டில் இரண்டாம் வயலின் தாள் இல்லை என்ற கேள்விக்கு

நீங்கள் வாங்கிய இசைத்தாள் தொகுப்பில் இரண்டாம் வயலினுக்கான தாள் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். அதில் எதுவும் விடுபடவில்லை. இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் ட்ரவுட் குவின்டெட்டில் (ஐந்து கருவிகளுக்கான படைப்பு) இரண்டாம் வயலின் என்ற பகுதியே கிடையாது. பியானோ, ஒரு வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் ஆகியவையே அதன் ஐந்து கருவிகள்.

பியானோ குவின்டெட் என்றதும் பியானோவோடு, இரண்டு வயலின்கள் உள்ள நான்கு தந்திக் கருவிகளின் குழுவை நினைப்பதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கும். அந்த அமைப்பு 1842இல் இசையமைப்பாளர் ஷூமன் எழுதிய பியானோ குவின்டெட்டுக்குப் பிறகே வழக்கமாக நிலைத்தது. ஷூபர்ட் இதை 1819இல், ஆஸ்திரியாவின் ஸ்டைர் நகரில் செல்லோ வாசித்துவந்த பாம்கார்ட்னர் என்ற இசை ஆர்வலருக்காக எழுதினார்.

சரிபார்க்க நான்காம் பகுதியைத் திறந்து பாருங்கள். 'டி மேஜர்' ஸ்கேலில் தொடங்கும், இந்தப் படைப்புக்குப் பெயர் தந்த ஷூபர்ட்டின் 'ட்ரவுட்' (ஒரு வகை மீன்) பாடலின் மெட்டை நான்கு தந்திக் கருவிகள் மட்டுமே வாசிக்க, பியானோ அந்த மெட்டு முடியும்வரை மௌனமாக இருக்கும். (அந்த மெட்டை மாற்றி மாற்றி வாசிக்கும் பகுதிகளில் முதலாவதில் பியானோ இரு கைகளிலும் அதே மெட்டை ஏந்தி நுழையும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது.) தந்திக் கருவிகளுக்கான உங்கள் நான்கு தாள்களிலும் அங்கே சுரங்கள் இருந்தால் தொகுப்பு முழுமையானது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டபுள் பாஸ் தாளை இரண்டாவது செல்லோவிடம் கொடுத்தால், எழுதியபடி வாசிக்கும்போது அது ஒரு ஸ்தாயி மேலே ஒலித்து, அடித்தளம் மெலிந்துவிடும். உங்கள் குழுவில் இரண்டு வயலின்கள் இருப்பதால், மேலே சொன்ன ஷூமனின் 1842 படைப்பு (ஓபஸ் 44) பொருத்தமாக இருக்கும்.