முகம் அறியும் கருவி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (செம்பனை ஆலைத் தொழிலாளி): ஐயா, காலைப் பெரட்டின்போது (வருகைக் கணக்கெடுப்பின்போது) என் முகத்தை உடனே ஏற்கும் வருகைப்பதிவுக் கருவி, மாலையில் வேலை முடிந்து நின்றால் பலமுறை மறுக்கிறது. கருவியை மேற்கு பார்த்து மாட்டியிருக்கிறார்கள். காரணம் என்ன?

பதில்: தம்பி, பதிவின்போது எடுத்த படத்தைக் கருவி ஓர் எண்வரிசையாக மாற்றி வைத்திருக்கிறது. இப்போது எடுக்கும் படத்தின் எண்வரிசை அதற்குப் போதிய அளவு நெருங்கி வந்தால்தான் உங்களை ஏற்கும். மாலைச் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருப்பதால், கேமரா அந்தப் பிரகாசத்துக்கு ஏற்ப ஒளியைக் குறைத்துக்கொள்கிறது. முகம் இருண்டு, கண்குழிக்கும் மூக்கோரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது. தொப்பி விளிம்பின் நிழலும் விழுந்தால் கேட்கவே வேண்டாம். ஒரே முகத்தின் படங்களுக்கிடையே வெளிச்சத்தாலும் கோணத்தாலும் உண்டாகும் மாற்றம், இரு வேறு ஆட்களின் படங்களுக்கிடையே உள்ள மாற்றத்தைவிடப் பெரும்பாலும் அதிகம் என்று அடினி, மோசஸ், உல்மன் ஆகிய ஆய்வாளர் மூவரும் 1997இல் காட்டினார்கள். ஏராளமான படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கும் இன்றைய ஆழ்கற்றல் முறைகள் இதைப் பெரிதும் சமாளிக்கின்றன என்றாலும், படத்தில் பதியாத விவரத்தை எந்த முறையாலும் மீட்க முடியாது. கருவியைக் கூரைக்குள் தள்ளி, வெயில் நேராக விழாத பக்கம் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். மாலை வெளிச்சத்திலும் ஒருமுறை முகத்தைப் பதியச் சொல்லுங்கள்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): நம்மைப் போன்ற கறுத்த நிறத்தவரிடம் இக்கருவிகள் அதிகம் தவறுகின்றன என்பது உண்மையா?

பதில்: பல கருவிகளைப் பொறுத்தவரை உண்மைதான், அம்மா. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 99 நிறுவனங்களின் 189 நிரல்களை (முகம் அறியும் மென்பொருள்களை) சோதித்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. ஒருவரை இன்னொருவராகக் கொள்ளும் பிழை, வெள்ளையர் முகங்களைவிட ஆசியர், ஆப்பிரிக்க அமெரிக்கர் முகங்களில் பல நிரல்களில் 10 முதல் 100 மடங்குவரை கூடுதலாக இருந்தது. ஆசிய நாடுகளில் உருவான சில நிரல்களில் ஆசிய முகங்களுக்கு இந்தப் பெரும் இடைவெளி காணப்படவில்லை. ஆகவே எந்த முகங்களைக் காட்டி நிரலைப் பழக்கினார்கள் என்பதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். நம் நிறத்தைக் குறையாகப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். வாங்குவதற்கு முன்பே, நம் ஆட்களை நிறுத்தி, நம் வெயிலில் சோதித்துக் காட்டும்படி விற்பவரிடம் கேட்க வேண்டும்.

கேள்வி (இரட்டைப் பிள்ளைகளின் தாய்): மூத்தவனின் ஐபோன் இளையவன் முகத்துக்கும் திறக்கிறதே, ஐயா?

பதில்: இரட்டையரிடமும், ஒத்த சாயல் கொண்ட உடன்பிறப்புகளிடமும், முக அமைப்பு முழுதாக உருவாகாத 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடமும் இப்படி நேரும் வாய்ப்பு அதிகம் என்று ஆப்பிள் நிறுவனமே கூறியிருக்கிறது. கடவுஎண்ணை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி (இளைஞர்): தைப்பூசத்துக்கு மொட்டை போட்டால் மறுபதிவு வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம், கண், மூக்கு, வாய்ப் பகுதிதான் முக்கியம். முகக்கவசம்தான் பெரிய தடை: 2020இல் நிஸ்ட் சோதித்த 89 நிரல்களில் சிறந்தவைகூட, கணினியால் கவசம் வரைந்த முகப்படங்களில் ஏறத்தாழ 5 விழுக்காடு தவறின.

கேள்வி (தோட்டக் கிராணி, அதாவது எழுத்தர்): கருவி மறுத்தவருக்கு வருகை போடலாமா?

பதில்: கட்டாயம் போடுங்கள். இரு படங்கள் எவ்வளவு ஒத்திருந்தால் ஏற்கலாம் என்ற ஒப்புமை எல்லையை உயர்த்தினால் உரியவர் மறுக்கப்படுவார், தாழ்த்தினால் வேற்றாள் நுழைவார்; இரண்டையும் ஒருசேர ஒழிக்க வழியில்லை. ஆகவே பக்கத்திலேயே கையெழுத்துப் புத்தகம் இருக்கட்டும். மறுக்கப்பட்டவரின் பெயரையும் நேரத்தையும் எழுதி, அன்றே மேற்பார்வையாளரின் ஒப்பம் பெற்றுவிட்டால், சம்பளக் கணக்கில் ஒருவருக்கும் நாள் விடுபடாது.